இரத்தம் கொடுத்த பெண்கள்

இரத்தப் பரிசோதனை அறிக்கையை யாரும் ஒரு பிரதியாகப் படிப்பதில்லை. எண்ணைப் பார்க்கிறோம். பக்கத்தில் அச்சிட்டிருக்கும் வரம்பைப் பார்க்கிறோம். உள்ளே இருந்தால் நிம்மதி, வெளியே இருந்தால் பயம். அந்த வரம்பை யார் எழுதினார்கள், யாருடைய உடலை அளந்து எழுதினார்கள் என்று கேட்பதில்லை. பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவள் நான். கதைகளையும் சினிமாவையும் பெண்ணியப் பார்வையில் வாசிக்கப் பழகிய நாம், இந்தத் தாளையும் அப்படி வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் தாளின் வலது ஓரத்தைப் பாருங்கள். ஹீமோகுளோபினுக்கு ஆண், பெண் என இரண்டு வரிகள் இருக்கும். கிரியாட்டினினுக்கும் யூரிக் அமிலத்துக்கும் அப்படியே. உடலில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் பழைய பரிசோதனையான ஈ.எஸ்.ஆருக்கும் இரண்டு வரிகள்தான். ஆனால் அதே அழற்சியை இதயத்துக்காக அளக்கும் ஹெச்.எஸ். சி.ஆர்.பி.க்கு ஒரே வரிதான். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அதிகம். ஆணா பெண்ணா என்ற கேள்வியே இல்லை. என் விமர்சனம் இந்த ஒற்றை வரியைப் பற்றியது.

கொரோனா காலத்தில் சி.ஆர்.பி. என்ற சொல் வீட்டுக்கு வீடு தெரிந்துபோனது. இந்தப் புரதத்தை 1930இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட்டும் தாமஸ் ஃபிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டார்கள். நிமோனியாக் கிருமியின் 'சி' என்ற பொருளோடு வினைபுரிந்ததால் சி-ரியாக்டிவ் புரதம் என்ற பெயர் வந்தது. உடலில் எங்கேயாவது காயமோ கிருமியோ இருந்தால் நோயெதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூக்கின்-6 போன்ற சேதிப் பொருள்களை அனுப்பும். அதைக் கேட்டுக் கல்லீரல் இந்தப் புரதத்தைச் சுரக்கும். காய்ச்சலுக்கு எடுக்கும் சாதாரண சி.ஆர்.பி. பரிசோதனை பெரிய அளவுகளை மட்டுமே பிடிக்கும். ஹெச்.எஸ். என்று முன்னால் போட்டிருப்பது மிகச் சிறிய அளவையும் பிடிக்கும் நுண்ணிய முறை.

இதயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியில் அடைப்பு வருவதை, குழாயில் கொழுப்பு படிவதைப் போலத்தான் நெடுநாள் சொல்லிவந்தார்கள். உண்மையில் தமனியின் சுவருக்குள் புகுந்த கொழுப்பைச் சுற்றி நோயெதிர்ப்பு அணுக்கள் கூடுகின்றன. அந்த இடம் ஆறாத புண்போல மெல்லக் கனன்றுகொண்டே இருக்கிறது. ஒருநாள் அது வெடித்து, அங்கே இரத்தம் உறைந்தால் மாரடைப்பு. சி.ஆர்.பி. அந்தக் கனலின் புகை. புகையே நெருப்பல்ல. மரபணு ஆய்வுகளைப் பார்த்தால் சி.ஆர்.பி. தானாக மாரடைப்பை உண்டாக்குவதில்லை என்றும், அதற்கு மேலே இருக்கும் இன்டர்லூக்கின்-6 பாதைக்கே பங்கு இருக்கிறது என்றும் தெரிகிறது. புகை என்ற அளவிலும் அதைப் பார்க்காமல் விட முடியாது.

இனி ஆய்வுகளுக்கு வருவோம். ஆரோக்கியமாக இருப்பவர்களின் சி.ஆர்.பி. அளவு பின்னால் வரப்போகும் மாரடைப்பை முன்கூட்டிச் சொல்லும் என்பதை 1997இல் பால் ரிட்கரும் அவருடைய குழுவினரும் எழுதினார்கள். அவர்கள் பயன்படுத்திய இரத்தம் அமெரிக்க மருத்துவர்கள் 22,071 பேரைக் கொண்ட ஓர் ஆய்விலிருந்து வந்தது. அந்த 22,071 பேரும் ஆண்கள். ஆஸ்பிரின் முதல் மாரடைப்பை 44 சதவீதம் குறைக்கிறது என்று 1989இல் உலகுக்குச் சொன்னதும் இதே ஆய்வுதான்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். கருத்தரிக்கும் வயதுள்ள பெண்களை ஆரம்பகட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 1977இல் வழிகாட்டியது. 1993 வரை அது விலக்கிக்கொள்ளப்படவில்லை. 1991இல், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் முதல் பெண் இயக்குநரான பெர்னடைன் ஹீலி 'யெண்டில் நோய்க்குறி' என்று ஒரு பெயர் வைத்தார். யெண்டில், படிப்பதற்காக ஆண் வேடம் போட்ட ஒரு கதைப் பெண். தன் நோயும் ஆணின் நோயைப் போலவே இருக்கிறது என்று நிரூபித்த பிறகுதான் ஒரு பெண்ணின் இதயத்துக்கு ஆணுக்குரிய சிகிச்சை கிடைக்கிறது என்றார் ஹீலி. தானே இதய மருத்துவராக இருந்தவர் அவர்.

ஆண்களிடம் கண்டது பெண்களுக்கும் பொருந்திவிடும் என்று சொல்பவர்களுக்குப் பதில் 2005இல் கிடைத்தது. பெண்கள் சுகாதார ஆய்வு என்ற பெயரில் 39,876 பெண்களைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அதே ஆஸ்பிரின். பக்கவாதம் 17 சதவீதம் குறைந்தது. முதல் மாரடைப்போ ஒட்டுமொத்தமாகக் குறையவே இல்லை. ஒரே மாத்திரைக்கு இரண்டு உடல்களில் இரண்டு விடைகள். கேட்காமல் இருந்திருந்தால் இது தெரிந்திருக்காது.

அழற்சிக் குறிப்பான்களின் வரலாற்றில் நாம் பெருமைப்பட வேண்டிய இடமும் இதே பெண்கள் ஆய்வுதான். அதில் சேர்ந்தவர்கள் 45 வயதைக் கடந்த செவிலியர்கள், மருத்துவர்கள், மற்றச் சுகாதாரப் பணியாளர்கள். அவர்களில் ஏறத்தாழ 28,000 பேர் 1990களின் முற்பகுதியில் இரத்தம் கொடுத்தார்கள். அந்த இரத்தத்தை உறைநிலையில் வைத்து ஆண்டுக்கணக்கில் கேள்வி கேட்டார்கள். 2000இல் வந்த கட்டுரை பன்னிரண்டு குறிப்பான்களை ஒப்பிட்டது. அவற்றில் எல்லாவற்றையும்விட வலுவாக ஆபத்தைச் சொன்னது சி.ஆர்.பி. 2002இல் வந்தது இன்னும் முக்கியமானது. 27,939 பெண்களைச் சராசரியாக எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் 77 சதவீதம், கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 160க்குக் கீழே இருந்த பெண்களுக்கே வந்திருந்தன. 46 சதவீதம் 130க்கும் கீழே இருந்தவர்களுக்கு. கொழுப்பு அறிக்கையை மட்டும் பார்த்து 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று எத்தனை பெண்களை அனுப்பியிருப்பார்கள் என்பதை இந்த இரண்டு எண்கள் சொல்கின்றன.

2024இல் அதே பெண்களின் முப்பது ஆண்டுக் கணக்கு வெளியானது. ஒரே ஒருமுறை எடுத்த இரத்தம் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பேசியது. அளவு மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்குப் பெண்களை மிகக் குறைவாக இருந்தவர்களோடு ஒப்பிட்டால், எல்.டி.எல். விஷயத்தில் ஆபத்து 36 சதவீதம் கூடுதல். சி.ஆர்.பி. விஷயத்தில் 70 சதவீதம் கூடுதல்.

இந்தக் கட்டுரைகளைப் பாராட்டும்போதே ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்கள், படித்த, சம்பளம் வாங்கிய பணியாளர்கள். நம் ஊர்ப் பெண்கள் இதில் இல்லை. இந்தியாவில் கேள்வியே எழவில்லை என்று அர்த்தமல்ல. சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினரின் 'க்யூர்ஸ்' ஆய்வு, சி.ஆர்.பி.க்கும் உடல் கொழுப்பு, சர்க்கரை நோய், இதயத் தமனி நோய் ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பை 2005இலேயே காட்டியது. பின்தொடர்ந்து கேட்க முப்பது ஆண்டுகள் வேண்டும், பணம் வேண்டும், பெண்களின் இரத்தம் அதற்குத் தகுதியானது என்ற எண்ணம் வேண்டும்.

இப்போது அந்த ஒற்றை வரிக்கு வருகிறேன். 1, 3 என்ற எல்லைகளை 2003இல் அமெரிக்க இதயச் சங்கமும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து வகுத்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து டல்லஸ் நகரத்து மக்களிடம் நடந்த ஆய்வில் ஆண்களின் நடுவளவு 1.8 என்றும் பெண்களின் நடுவளவு 3.3 என்றும் தெரிந்தது. நடுவளவு 3.3 என்றால் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் 3ஐத் தாண்டி நிற்கிறார்கள் என்று பொருள். எல்லைக் கோட்டுக்கு வெளியே பாதிப் பெண்களை நிறுத்தும் ஒரு கோடு, அவர்களைப் பற்றி என்ன சொல்கிறது?

அப்படியானால் பெண்களுக்குக் கோட்டை மேலே நகர்த்திவிடலாமா? இங்கே அவசரப்படக் கூடாது. பெண்கள் ஆய்வில் இதே எல்லைகள் பெண்களின் ஆபத்தைப் பிரித்துக் காட்டத்தான் செய்தன. கோட்டை மேலே தூக்கினால், உண்மையிலேயே ஆபத்தில் இருக்கும் பெண் 'உனக்கு இது சாதாரணம்' என்ற பட்டியலுக்குள் போய்விடுவாள். மாரடைப்பு நேரத்தில் எடுக்கும் ட்ரோபோனின் பரிசோதனையில் நடந்தது இதற்கு நேர் எதிர். ஆரோக்கியமான பெண்களின் ட்ரோபோனின் ஆண்களுடையதைவிடக் குறைவு. ஆகவே பொதுவான ஒரே எல்லை பெண்களின் மாரடைப்பைத் தவறவிட்டது. 2015இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் ஆணுக்கு 34, பெண்ணுக்கு 16 என்று இரண்டு எல்லைகள் வைத்துப் பார்த்தபோது, மாரடைப்பு என்று கண்டறியப்பட்ட பெண்கள் 11 சதவீதத்திலிருந்து 22 சதவீதமானார்கள். ஒரு பரிசோதனையில் பெண்ணின் எண் குறைவு, இன்னொன்றில் அதிகம். இரண்டிலும் கோடு போட்டவர்கள் மனித உடல் ஒன்றே என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு பரிசோதனைக்கும் ஒரே தீர்வு கிடையாது. ஒவ்வொன்றிலும் பெண்களைத் தனியாக அளந்து, அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று பின்தொடர்ந்து பார்த்த பிறகே கோடு போட வேண்டும்.

பெண்களின் சி.ஆர்.பி. ஏன் கூடுதலாக இருக்கிறது? உடல் கொழுப்பு ஒரு காரணம். வாய்வழி எடுக்கும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகள், கருத்தடை மாத்திரைகள் அதைக் கூட்டும். கர்ப்பமும் கூட்டும். மூட்டழற்சியும் லூபஸும் கூட்டும், இரண்டுமே பெண்களை அதிகம் தாக்கும் நோய்கள். அறிக்கையை வாசிக்கும்போது இவையெல்லாம் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்தான். ஆனால் நான் பார்ப்பது வேறு. காரணம் ஒன்று கிடைத்ததும் கேள்வி நின்றுவிடுகிறது. 'மூட்டுவலி இருக்குல்ல, அதான் கூடியிருக்கு', 'குண்டா இருக்கீங்க, அதான்' என்று சொல்லித் தாளை மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். காரணம் தெரிந்துவிட்டால் ஆபத்து போய்விடுமா? லூபஸ் உள்ள 35 முதல் 44 வயதுப் பெண்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு, அதே வயதுள்ள மற்றப் பெண்களைவிட 50 மடங்குக்கும் அதிகம் என்று 1997இலேயே ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மூட்டில் எரியும் நெருப்பு இதயத்தையும் சுடும். 'அதான்' என்ற சொல்லோடு முடிய வேண்டிய பேச்சு அல்ல இது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஏற்கெனவே இதய நோய் வந்தவர்களின் நிலை என்ன? கொழுப்பைக் குறைத்த பிறகும் சி.ஆர்.பி. 2க்கு மேல் நிற்கும் நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களின் அழற்சியைக் குறைத்தால் அடுத்த மாரடைப்பைத் தடுக்கலாமா என்று கேட்டது 2017இல் வந்த 'கான்டோஸ்' சோதனை. மாரடைப்பிலிருந்து மீண்ட 10,061 பேர். கனகினுமாப் என்ற ஊசிமருந்து அடுத்த பாதிப்புகளை 15 சதவீதம் குறைத்தது. கூடவே உயிர்க்கொல்லித் தொற்றுகளும் கொஞ்சம் கூடின. மருந்தின் விலையோ எட்டாத உயரம். இதயத்துக்கான மருந்தாக அதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் அழற்சி ஒரு காரணம்தான் என்பது உறுதியானது. அந்தச் சோதனையில் பெண்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு.

அடுத்து மலிவான ஒரு மருந்து வந்தது. கீல்வாதத்துக்குக் கொடுக்கும் கோல்ச்சிசின். 2019இல் 'கோல்காட்' சோதனை, 4,745 பேர், பாதிப்புகள் 23 சதவீதம் குறைந்தன. பெண்கள் ஐந்தில் ஒரு பங்குதான். 2020இல் 'லோடோகோ-2', 5,522 பேர், 31 சதவீதம் குறைந்தது. பெண்கள் சுமார் 15 சதவீதம். 2024இல் 'கிளியர்' சோதனை, 7,062 பேர், இங்கே பயன் தெரியவில்லை. சி.ஆர்.பி. இறங்கியது, மாரடைப்புகள் இறங்கவில்லை. இதிலும் பெண்கள் ஐந்தில் ஒரு பங்குதான். மருந்து வேலை செய்ததா இல்லையா என்று அறிஞர்கள் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். பெண்ணிடம் வேலை செய்ததா என்று தனியே கேட்டு உறுதியாகப் பதில் சொல்லும் அளவுக்கு எந்தச் சோதனையிலும் பெண்கள் இல்லை.

கோல்ச்சிசின் எதிலிருந்து வருகிறது தெரியுமா? நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலிருந்தும் எடுக்கிறார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் கண்வலிக்கிழங்கு என்று சொல்லிக் கம்பிப் பந்தலில் பயிரிடுகிறார்கள். விதை நன்றாகப் பிடிப்பதற்குப் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். கூலிக்கு நாள்தோறும் செய்ய வேண்டிய நுணுக்கமான வேலை. செடி முழுவதும் கொடிய விஷம். மூலிகை என்று நினைத்து யாரும் வாயில் வைத்துவிடக் கூடாது. மருந்துக்கும் விஷத்துக்கும் இடையிலான தூரம் மிகக் குறைவு என்பதால்தான், எந்த உடலுக்கு எவ்வளவு என்ற கேள்வி இவ்வளவு முக்கியமாகிறது. அந்த அளவை முடிவுசெய்த சோதனைகளில் நூற்றுக்கு எண்பது பேர் ஆண்கள்.

ஏன் பெண்கள் வரவில்லை என்று கேட்டால், பெண்களுக்கு இதய நோய் தாமதமாக வருகிறது, அதனால் கிடைப்பதில்லை என்பார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி வாசலில் இருக்கிறது. பெரிய தமனியில் தெளிவான அடைப்பு காட்டினால்தான் பல சோதனைகளுக்குள் நுழைய முடியும். 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய 'வைஸ்' என்ற அமெரிக்க ஆய்வு, நெஞ்சுவலியோடு வந்த பெண்களில் பலருக்குப் பெரிய தமனிகளில் அடைப்பு இல்லாமலேயே இதயத்துக்கு இரத்தம் குறைவதைக் காட்டியது. கோளாறு நுண்ணிய நாளங்களில் இருக்கிறது. ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை என்றதும் 'மனசுல கவலை' என்று எழுதி அனுப்பப்பட்டவர்கள் இவர்கள். ஆணின் நோய்க்கு ஏற்ற உயரத்தில் வாசலைக் கட்டிவிட்டு, பெண் ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பது நியாயமா?

ஆக என் குற்றச்சாட்டு இதுதான். ஆபத்தைக் கண்டுபிடிக்கப் பெண்களின் இரத்தம் பயன்பட்டது. சிகிச்சையைக் கண்டுபிடிக்கும் இடத்தில் அவர்கள் காணாமல் போனார்கள்.

எண்ணை வழிபடவும் நான் சொல்லவில்லை. சி.ஆர்.பி. பரிசோதனையின் பின்னால் காப்புரிமைகளும் மருந்து நிறுவனங்களின் பணமும் இருக்கின்றன. ரிட்கர் பணிபுரியும் மருத்துவமனை அழற்சிக் குறிப்பான்கள் தொடர்பான காப்புரிமைகளை வைத்திருக்கிறது. அதிக சி.ஆர்.பி. உள்ளவர்களுக்கு ரோசுவாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்த 2008ஆம் ஆண்டின் 'ஜுபிடர்' சோதனையை நடத்தப் பணம் கொடுத்தது அந்த மாத்திரையின் நிறுவனமே. இதை அவர்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். அதற்காக முடிவுகள் பொய்யாகிவிடாது. ஆனால் யார் எந்தக் கேள்வியைக் கேட்கப் பணம் கொடுக்கிறார்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். விறகும் வறட்டியும் எரித்துச் சமைக்கும் பெண்களின் இரத்தத்தில், எரிவாயுவில் சமைப்பவர்களைவிட இந்தக் குறிப்பான்கள் அதிகம் என்று இந்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடுப்புப் புகைக்கு மாத்திரை கிடையாது. அந்தப் பெண்ணிடம் 'வாழ்க்கை முறையை மாற்றிக்கொள்ளுங்கள்' என்று அச்சிட்ட தாளைக் கொடுப்பது, அவள் வீட்டு அடுப்பை அவளுடைய குணக்கேடாகச் சொல்வது போல இருக்கிறது.

எண் மட்டும் போதாது என்பதற்கு அதே ஸ்காட்லாந்து சாட்சி. ட்ரோபோனினுக்குப் பெண்களுக்கென்று தனி எல்லை வைத்த பிறகு நடந்த பெரிய ஆய்வில் இதயத் தசை பாதிக்கப்பட்ட பெண்கள் கூடுதலாகக் கண்டறியப்பட்டார்கள். ஆனால் ஆண்களுக்குக் கிடைத்த சிகிச்சையில் ஏறத்தாழ பாதிதான் அவர்களுக்குக் கிடைத்தது. முடிவுகளும் மேம்படவில்லை. எண்ணைத் திருத்தியாயிற்று, அதைப் படிக்கும் கண் திருந்தவில்லை.

என் கூடத்தில் காலை ஆறரைக்கே கூட்டம் வந்துவிடும். கம்பெனி செலவில் முழு உடல் பரிசோதனைக்குக் கணவர் வந்திருப்பார். டிபன் பையோடு மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். 'நீங்களும் பாக்குறீங்களாம்மா?' என்று கேட்டால், 'எனக்கு என்ன சிஸ்டர், அவருக்குப் பாக்கத்தான் வந்தோம்' என்பார். மாடி ஏறினால் மூச்சு வாங்குவதை வேறு ஏதோ பேச்சின் நடுவே சொல்வார். மருத்துவத்தின் அலட்சியத்துக்கு முன்பே வீட்டில் பழக்கிய அலட்சியம் அது. அவர்களிடம் நான் சொல்வது சில விஷயங்கள்தான். காய்ச்சலோ சளியோ இருக்கும்போது இதயத்துக்காக இந்தப் பரிசோதனை எடுக்காதீர்கள். 10க்கு மேல் வந்தால் தொற்று இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். மாத்திரைகள், மூட்டுவலி, கர்ப்ப காலத்தில் வந்த இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். 'அதான்' என்று அவர் முடித்தால், 'அப்படின்னா என் இதயத்துக்கு என்ன பண்ணணும் டாக்டர்?' என்று கேளுங்கள்.

மாணவிகளிடம் கேட்பது வேறு. மருத்துவம் படிக்காதவர்களும் இதைச் செய்யலாம். பத்திரிகையில் ஏதாவது புதிய இதய மருந்து பற்றிச் செய்தி வந்தால் மூல ஆய்வைத் தேடி எடுங்கள். முடிவுரைக்குப் போகாதீர்கள். முதல் அட்டவணைக்குப் போங்கள். வயது, எடை, புகைப்பழக்கம் என்று வரிசையாக இருக்கும். அதில் பெண்கள் எத்தனை சதவீதம் என்று ஒரு வரி இருக்கும். அந்த எண்ணைப் படித்துவிட்டு, கட்டுரை 'நோயாளிகள்' என்று சொல்லும் ஒவ்வோர் இடத்திலும் அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.